வலையில் வந்த சுருட்டைப் பங்கிட்ட விதம்

எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்தில் படகுக்குக் கிடைப்பது எதுவாயினும் அது பங்கிடப்பட வேண்டும். இதற்கு விலக்குக் கிடையாது. வலையில் சங்கரா மீன் வந்தாலும் பங்கு. காரப்பொடி என்னும் பொடிமீன் வந்தாலும் பங்கு. ஒருமுறை எவரோ கடலில் தவறவிட்ட பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வலையில் வந்தது. அதில் எவர் எந்தக் கிழமையில் அமர்வது என்பதைப் பஞ்சாயத்தார் கூடி முடிவு செய்தனர். ஆகவே, சென்ற பங்குனியில் எங்கள் வலையில் ஒரு சுருட்டு வந்தபோது, அதையும் பங்கிட வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை.

பங்கு முறையை முதலில் கூறிவிடுகிறேன். முதற்பங்கு கடற்கரையிலேயே வீற்றிருக்கும் கங்கையம்மனுக்கு உரியது. அதற்கடுத்தது படகுக்கு. பின்னர் இஞ்சினுக்கு. பின்னர் வலைக்கு. எஞ்சியது கடலுக்குச் சென்ற ஆட்களுக்கு, வயது வரிசைப்படி. படகுக்காரர் தம் பங்கை எடுத்துக்கொண்டு கூடையை வலைக்காரரிடம் தள்ளுவார். வலைக்காரர் தமதை எடுத்துக்கொண்டு, ஆட்களுக்குத் தம் கையாலேயே கொடுப்பார். ஒருவர் கையிலிருந்து பங்கை வாங்கியவர், கொடுத்தவருக்கு அதில் உரிமை இல்லை என்று பிற்பாடு வாதாட முடியாது. வாதாடினால் ஊர் சிரிக்கும். அதன்பின் பஞ்சாயத்தில் அவர் பேச்சு எடுபடாது.

எங்கள் படகும் இஞ்சினும் திருவேங்கடத்துக்குச் சொந்தமானவை. இதில் சிக்கல் இல்லை. சிக்கல் வலையில் இருந்தது.

அந்த வலைக்கு நூல் வாங்கியவர் பவுனம்மாள். கருவாடு விற்று வாங்கினார். அதற்கு மிதவையும் ஈயமும் கட்டியவர் அவருடைய கணவர் ஏழுமலை. ஏழுமலை காலமானபின், அவருடைய தம்பி தசரதன், அண்ணன் கட்டிய வலை தம்பிக்கே சேரும் என்றும், பெண்பிள்ளைக்கு வலைப்பங்கு கொடுக்கும் வழக்கம் இக்கரையில் இல்லை என்றும் பஞ்சாயத்தில் முறையிட்டார். வலைப்பங்கு கிடைத்தால் பவுனம்மாள் தம் மீனைத் தாமே காயவைத்து விற்பார். கிடைக்காவிட்டால் பிறருடைய மீனைக் கூலிக்குக் காயவைக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஊர்த்தலைவர் குப்பன், வழக்கு முடியும்வரை வலைப்பங்கு கோயிலுக்குச் செல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தார். ஆட்களுக்கான பங்கையும் அதுவரை தாமே கொடுத்துவந்தார். கோயிலை நிர்வகிப்பவரும் குப்பனே. ஆதலால் வழக்கை முடிப்பதில் கோயிலுக்கு அவசரம் ஏதும் இருக்கவில்லை. இதற்கிடையில் தசரதன் தம் அண்ணியின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதையும் நிறுத்திவிட்டார். அவரை அண்ணி என்று அழைப்பதையும் நிறுத்திவிட்டார். பெயர் சொல்லி அழைப்பதும் முறையன்று என்பதால், அவரை எவ்வாறும் அழைக்காமலே காலம் கழித்தார்.

இனிச் சுருட்டைப் பற்றிக் கூறுகிறேன்.

அன்று கடலுக்குச் சென்றவர்கள் தசரதன், நான், லோகேஷ் ஆகிய மூவர். வலையை இழுத்தபோது, சங்கராக்களுக்கு நடுவே, வாய்ப்புறம் தக்கையால் அடைக்கப்பட்டு அதன்மேல் சிவப்பு அரக்கு பூசப்பட்ட கண்ணாடிக் குழாய் ஒன்று இருந்தது. அது வலையை ஒரு முழம் அளவுக்குக் கிழித்தும் இருந்தது. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது.

“இன்னாணா இது, விரலா?” என்றார் லோகேஷ்.

“விரலுக்கு எவன்டா அரக்கு வைப்பான்? தங்கம் சுத்தி வச்சிருப்பானுங்க” என்று கூறிய தசரதன், கரை சேரும்வரை பொறுக்காமல் கத்தியால் அரக்கைச் சுரண்டித் தக்கையைப் பிடுங்கினார். உள்ளே இருந்தது சுருட்டு. சருகைப்போல் உலர்ந்து, ஒரு நீர்த்துளியும் படாமல் இருந்தது. அதன் இடுப்பில் தங்க நிறத்தாள் ஒன்று மோதிரம்போல் சுற்றப்பட்டிருந்தது. தசரதன் அத்தாளை மட்டும் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அது தாள்தான்.

கரையில் ஐஸ் வண்டி ஓட்டும் ஜோயல் நின்றிருந்தார். அவர் பொன்னேரியில் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்தவர். தாளில் இருந்ததைப் படித்துவிட்டுத் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் படித்தார்.

“கியூபா நாட்டு சுருட்டு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தி ஆறுன்னு போட்டுக்குது.”

“அப்போ இது எங்க நைனாவுக்கு மூத்தது” என்றார் அங்கே காத்திருந்த திருவேங்கடம். அதன்பின் அவர் சுருட்டைச் சற்று மரியாதையுடன் பார்த்தார்.

ஜோயலுக்குச் சென்னையில் பழம்பொருள் வாங்கும் ஒருவரைத் தெரியும். அவரை அழைத்து, அனைவரும் கேட்கும்படி தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார். அந்த மனிதர் முதலில் மிகவும் மகிழ்ந்தார். பின்னர் ஒரு கேள்வி கேட்டார்.

“சீல் அப்படியேதானே இருக்கு?”

ஜோயல் தசரதனைப் பார்த்தார். தசரதன் கடலைப் பார்த்தார்.

“தெறந்துட்டாங்க சார்.”

“அப்ப இன்னைக்கே புடிச்சிடுங்க. கடல்காத்து பட்டா நாளைக்கு வெறும் குப்பை. வெட்டிடாதீங்க, உதிர்ந்துடும். பத்தவச்சா நடுவுல அணையவும் விடாதீங்க” என்று கூறி அவர் இணைப்பைத் துண்டித்தார்.

இவ்வாறாக, சுருட்டை விற்பது என்னும் கேள்வி தீர்ந்தது. வெட்டிப் பங்கிடுவதும் இயலாது என்றாயிற்று. எஞ்சிய வழி ஒன்றே. குப்பனுக்கு ஆள் அனுப்பப்பட்டது. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, செய்தியைக் கேட்டு, சுருட்டை முகர்ந்து பார்த்து, ஒரு பங்கு என்பது ஒரு மூச்சு இழுப்பு என்று அறிவித்தார். இழுத்து முடித்தபின் சுருட்டை வாயிலிருந்து எடுத்தால் அப்பங்கு முடிந்ததாகக் கருதப்படும். இது சரியான அளவு என்று அனைவரும் ஏற்றுக்கொண்டனர்.

பவுனம்மாள் சற்றுத் தள்ளி மணலில் அமர்ந்து, குழாய் கிழித்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். அவர் தலை நிமிரவில்லை.

“ஜல்தியா ஆவட்டும் தலைவரே. காத்து படப்பட அது செத்துக்கினே கீது” என்றார் தசரதன்.

அவர் அவசரப்படுத்தியதால் குப்பனும் விரைந்தார். கோயிலில் கற்பூரம் ஏற்றி, அதன் சுடரில் சுருட்டின் நுனியைக் காட்டினார். ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் காத்திருந்த பொருள் என்று கூற முடியாதபடி அது உடனே பற்றிக்கொண்டது. அம்மன் சுருட்டுப் புகைப்பவள் அல்லள். ஆகவே புகையை மட்டும் அவளுக்கு ஒருமுறை காட்டினார். கோயில் பங்கு முடிந்தது.

அடுத்து திருவேங்கடம். அவர் கிழக்கு நோக்கி நின்று, கண்களை மூடிக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார். அது படகுப் பங்கு. புகையை வெளியே விட்டபின் மீண்டும் ஒன்று இழுத்தார். அது இஞ்சின் பங்கு. அனைவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எப்டி கீதுணா?” என்றார் லோகேஷ்.

திருவேங்கடம் நெடுநேரம் எண்ணிப் பார்த்தார். “படகுப் பங்கு நல்லா கீது. இஞ்சின் பங்கு கொஞ்சம் கசக்குது.”

அவர் சுருட்டைக் குப்பனிடம் நீட்டினார். அப்போதுதான் பவுனம்மாள் ஊசியைக் கீழே வைத்தார்.

“தலைவரே, ஒரு சந்தேகம். வலப்பங்கு இப்போ யாருக்கு?”

“வயக்கு முடியற வரைக்கும் கோயிலுக்குன்னு சொல்லிட்டமே. எத்தினி வாட்டி கேப்ப?”

“செரி. அப்போ எடுத்துக்கினு போய் அம்மனுக்குக் காட்டு.”

குப்பன் கோயிலை நோக்கி நடந்தார். பாதி வழியில் நின்றார். சுருட்டின் மறுமுனையைப் பார்த்தார். அது ஈரமாக இருந்தது.

“இன்னா நின்னுட்ட? அம்மா காத்துக்கினு கீறா” என்றார் பவுனம்மாள்.

“எச்சிலு” என்றார் குப்பன்.

“யாரு எச்சிலு?”

“திருவேங்கடத்து எச்சிலு.”

“நான் காலைல பல்லு வெளக்கினேன்” என்றார் திருவேங்கடம்.

எச்சிற்பட்ட பொருளை அம்மனுக்குக் காட்டுவது எவ்வூரிலும் இல்லை. எங்கள் ஊரில் எண்ணிப் பார்க்கவும் முடியாது. மீனைப் பங்கிடும்போது இத்தகைய இடர்ப்பாடு நேர்வதில்லை. படகுக்காரர் எடுத்த பின்னரும் மிச்சமுள்ள மீன் தூய மீனாகவே இருக்கும். கோயிலுக்கு உரிய இரு பங்குகளையும் குப்பன் தொடக்கத்திலேயே காட்டியிருக்க வேண்டும். அவர் வழக்கப்படி ஒன்றை மட்டும் காட்டிவிட்டார்.

“மொதல்லயே ரெண்டு வாட்டி காட்டியிருக்கணும் தலைவரே” என்றார் லோகேஷ்.

“மறந்துட்டேன்டா. இவன்தான் ஜல்தி ஜல்தின்னு உசுர வாங்கினான்” என்று குப்பன் தசரதனைக் காட்டினார்.

“அதுக்கு இன்னா இப்போ? வலப்பங்கே வாணாம். வுட்டுட்டு நேரா ஆளுங்களுக்குக் குடு” என்றார் தசரதன்.

“வலையில்லாம வந்துச்சா அது? நீ கடல்ல குதிச்சி வாயில கவ்வினு வந்தியா?” என்றார் பவுனம்மாள்.

தசரதன் அவருக்கு மறுமொழி கூறாமல் குப்பனைப் பார்த்துப் பேசினார். “எங்க அண்ணன் கட்டின வல. அந்தப் பங்க நான் இழுக்கறேன். முடிஞ்சிது.”

“நூலு யாரு வாங்கினது?”

“நூலு வாங்கினா வலையாயிடுமா? மெதவ இல்லாம, ஈயம் இல்லாம, கொசுவலதான் அது.”

“நூலு இல்லாம மெதவய மட்டும் கடல்ல போட்டுப் பாரு. எத்தினி மீனு வந்து மாலையா போட்டுக்குதுன்னு பாக்கறேன்.”

குப்பன் கையை உயர்த்தினார். இவ்வழக்கு மிகவும் கடினமானது என்றும், இதை அவசரத்தில் முடிக்க இயலாது என்றும், வரும் ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்தைக் கூட்டலாம் என்றும் கூறினார். இதே சொற்களை அவர் முன்னரும் பலமுறை கூறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நாங்கள் தலையசைத்திருக்கிறோம். ஆனால் முன்னர் எப்போதும் அவர் கையில் எரியும் சுருட்டு இருந்ததில்லை.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் அது எரியுமா தலைவரே?” என்றார் லோகேஷ்.

அனைவரும் சுருட்டைப் பார்த்தோம். தென்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. நெருப்பு மூச்சு விடுவதுபோல் சிவந்து சிவந்து மங்கியது. எவர் வாயிலும் இல்லாமலே சுருட்டின் கால்பங்கு சாம்பலாகிவிட்டது. காற்றுக்குப் பங்கு உண்டு என்று எங்கள் முறையில் எங்கும் கூறப்படவில்லை.

இங்கே ஓர் உண்மையைக் குறிப்பிட வேண்டும். வலை வழக்கில் லோகேஷும் நானும் அதுவரை எந்தப் பக்கமும் பேசியதில்லை. வலைப்பங்கு பவுனம்மாளுக்குச் சென்றாலும், தசரதனுக்குச் சென்றாலும், அம்மனுக்குச் சென்றாலும் எங்கள் பங்கு மாறப்போவதில்லை. இப்போது நிலைமை வேறு. எங்களுக்கு முன்னே நின்ற பங்கு முடியாமல் எங்கள் பங்கு எங்களிடம் வராது. அது காத்திருக்கும் ஒவ்வொரு கணமும் எரிந்துகொண்டே இருந்தது.

“யாராவது இசுங்கய்யா!” என்று நானும் கத்திவிட்டேன்.

“சரவணன்கூட வாயத் தொறந்துட்டான்” என்றார் திருவேங்கடம்.

இந்த நிலையில் தசரதன் ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் கேட்டிருக்கக் கூடாது.

“பொம்பள சுருட்டு இழுப்பாளா? இழுக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் பங்கு?”

குப்பன் அவரை இரக்கத்துடன் பார்த்தார். இங்கிருந்து வடக்கே ஆந்திரக் கரை நெடுகிலும், மூத்த பெண்கள் சிலர் சுருட்டுப் புகைப்பது உண்டு. தலையில் மீன்கூடையும், எதிரே கடல்காற்றுமாக நடப்பவர்களுக்கு நெருப்பு நிற்காது. ஆகவே அவர்கள் சுருட்டைத் திருப்பி, நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து உதடுகளை மூடிக்கொள்வார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பது எரியாத முனை மட்டுமே. பவுனம்மாள் சூளூர்ப்பேட்டைச் சந்தைக்குக் கூடை சுமந்த காலத்தில் இதைப் பழகியவர். தசரதனுக்கும் இது தெரியும். சினத்தில் மறந்துவிட்டார்.

பவுனம்மாள் எழுந்து, புடவையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, குப்பனிடம் வந்தார். குப்பன் சுருட்டைக் கொடுத்தாரா, அல்லது பவுனம்மாள் அதை எடுத்துக்கொண்டாரா என்பதில் ஊரில் இரு கருத்துகள் நிலவுகின்றன. நெருப்பு அப்போது குப்பனின் விரல்களை நெருங்கியிருந்தது என்பதை மட்டும் நான் அருகில் நின்று கண்டேன். பவுனம்மாள் சாம்பலை ஒரு சொடுக்கில் உதிர்த்தார்; சுருட்டைத் திருப்பினார்; நெருப்பு முனையை வாய்க்குள் வைத்து உதடுகளை மூடினார்.

காற்றுக்கு அதன்பின் அங்கே வேலை இல்லாமற் போயிற்று.

“ஏய், அது வலப்பங்கு! யாரக் கேட்டு வச்ச?” என்றார் தசரதன்.

பவுனம்மாள் விடையளிக்கவில்லை. வாய்க்குள் நெருப்பு வைத்திருப்பவரிடம் விடையை எதிர்பார்ப்பதும் முறையன்று.

“தலைவரே, கேளுங்க தலைவரே!”

“எப்டிடா கேக்கறது? வாய்க்குள்ள நெருப்பு கீது” என்றார் குப்பன்.

“புடுங்குங்க!”

“நீ புடுங்கு.”

தசரதன் ஓரடி முன்னே வைத்தார். பவுனம்மாள் அவரை நிமிர்ந்து பார்த்தார். மூடிய உதடுகளின் ஓரத்தில் மெல்லிய புகை கசிந்தது. தசரதன் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். எரியும் சுருட்டை ஒரு பெண்ணின் வாய்க்குள்ளிருந்து பிடுங்குவது எவ்வாறு என்பதற்கு அவரிடம் வழிமுறை ஏதும் இருக்கவில்லை.

அந்த இழுப்பு நீண்டது. கூடையுடன் கடற்கரை நெடுகிலும் நடந்து பழகிய மூச்சு அது. சுருட்டை வாயிலிருந்து எடுத்தால்தான் பங்கு முடியும் என்று வரையறுத்தவர் குப்பனே. முடிவில் பவுனம்மாள் சுருட்டை வெளியே எடுத்தார். புகை மூக்கின் வழியே அமைதியாக இறங்கியது.

“பாச்சா உருண்ட வாசன” என்றார். பின்னர் சற்று எண்ணிப் பார்த்து, “மோசம் இல்ல” என்றார்.

அடுத்தது ஆட்களின் பங்கு. மூவரில் மூத்தவர் தசரதன். பவுனம்மாள் சுருட்டை அவரிடம் நீட்டினார்.

தசரதனின் கை எழவில்லை. அவர் என்ன எண்ணினார் என்பது அங்கிருந்த அனைவருக்கும் தெரியும். அந்தக் கையிலிருந்து வாங்கினால் வலைப்பங்கு பவுனம்மாளுடையது என்று ஒப்புக்கொண்டதாகும். வாங்காவிட்டால், தாமே கண்டெடுத்து, தாமே தக்கையைப் பிடுங்கிய சுருட்டில் ஓர் இழுப்பும் கிடைக்காது. நெருப்பு மீண்டும் காற்றில் சிவந்தது.

“கீழ வைக்கச் சொல்லுங்க தலைவரே. நான் எடுத்துக்கறேன்” என்றார் தசரதன்.

“மணல்ல வச்சா அணைஞ்சிரும். அந்த சென்னை ஆளு இன்னா சொன்னாரு?” என்றார் ஜோயல்.

“அப்போ லோகேஷு, நீ வாங்கி என்கிட்ட குடுடா.”

லோகேஷ் இருபத்தைந்து வயதுடையவர், அடக்கமானவர், தசரதனிடம் ஒருபோதும் எதிர்த்துப் பேசியதில்லை. “வாங்கினா எம்பங்க இசுத்துட்டுத்தான்ணா குடுப்பேன். சரவணனும் இசுப்பாரு. அப்பால உனக்கு அந்தத் தங்கத்தாளுதான் மிஞ்சும்” என்றார்.

“கை வலிக்குது. வாணாம்னா வாணாம்னு சொல்லு” என்றார் பவுனம்மாள்.

தசரதன் சுருட்டைப் பார்த்தார். கடலைப் பார்த்தார். கரையில் கிடந்த வலையைப் பார்த்தார். அவருடைய அண்ணன் கட்டிய மிதவைகள் வரிசையாகக் கிடந்தன. அவற்றுக்குக் கீழே, தைத்து முடிக்காத கிழிசலில் பவுனம்மாளின் ஊசி குத்தி நின்றது.

“குடு அண்ணி” என்றார்.

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டு நெடுங்காலம் ஆகியிருந்தது. குப்பன் துண்டை எடுத்து மறுதோளில் போட்டுக்கொண்டார். பஞ்சாயத்து முடிந்தது என்பதற்கு எங்கள் ஊரில் அதுவே அடையாளம்.

தசரதன் சுருட்டை வாங்கி இழுத்தார். இழந்த வலைக்கு ஈடுசெய்ய எண்ணியவரைப்போல் நெடிதாக இழுத்தார். பின்னர் இருமத் தொடங்கினார். பவுனம்மாள் தம் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதையும் அவர் வாங்கிக் குடித்தார். ஒன்றை வாங்கியபின் மற்றொன்றை மறுப்பதில் பயன் இல்லை என்று கருதியிருக்கலாம்.

லோகேஷ் இழுத்துவிட்டு என்னிடம் கொடுத்தார். வயதில் நான் அவருக்கு மூத்தவன். எனக்குப் பின்னரே அவர் இழுத்திருக்க வேண்டும். அவசரத்தில் எவரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் ஊர் அமைதியைக் கருதிச் சுட்டிக்காட்டவில்லை. என்னிடம் வந்து சேர்ந்தது தங்கத்தாளை ஒட்டிய ஒரு விரற்கடை அளவே. அதை நான் முழு மூச்சாக இழுத்தேன். நாக்கு சுட்டது. தொண்ணூறு ஆண்டுப் பழமையின் சுவை எத்தகையது என்று ஜோயல் கேட்டபோது, சூடாக இருந்தது என்று கூறினேன். அதற்கு மேல் கூற என்னிடம் செய்தி இல்லை.

மறுநாள் காலை படகு கரை சேர்ந்தபோது பவுனம்மாள் கூடையுடன் நின்றிருந்தார். திருவேங்கடம் படகுப் பங்கையும் இஞ்சின் பங்கையும் எடுத்துக்கொண்டு மீனை அவர்பக்கம் தள்ளினார். அவர் வலைப்பங்கை எடுத்துக்கொண்டு எங்கள் மூவருக்கும் கொடுத்தார். தசரதன் இரு கைகளாலும் வாங்கினார். சங்கரா சிறிதாக இருக்கிறது என்று முணுமுணுக்கவும் செய்தார்.

“பெருசு வேணும்னா நீயே ஒரு வல கட்டு. நூலு நான் வாங்கித் தரேன்” என்றார் பவுனம்மாள்.

அம்மனுக்கு வரவேண்டிய ஒரு புகை குறைந்துவிட்டது என்று குப்பன் சில நாள் வருந்தினார். பின்னர் அதை மறந்தார். ஏனெனில், கண்ணாடிக் குழாய் எஞ்சியிருந்தது. அதை முதலில் கையில் எடுத்தவர் தாமே என்பதால் அது தமக்கே உரியது என்று தசரதன் கூறுகிறார். வலையைக் கிழித்தது அக்குழாய் என்பதால், கிழிசலுக்கு ஈடாக அது வலைக்குச் சேர வேண்டும் என்று பவுனம்மாள் கூறுகிறார். வழக்கு நடைபெற்று வருகிறது. முடியும்வரை குழாய் கோயிலில் இருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. குப்பன் அதில் ஊதுவத்தி செருகி வைத்திருக்கிறார்.